சாட்சி நாற்காலியில் பட்டாசு

பட்டாசு என்றால் கோர்ட் வளாகத்தில் காவலாளி முதல் பெரிய ஜட்ஜ் வரை எல்லாருக்கும் தெரியும். ஹெட் டைப்பிஸ்ட். அவள் மிஷினில் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினால் பக்கத்து அறையில் கண்ணயரும் குமாஸ்தா துள்ளி எழுவார். அந்தச் சத்தத்துக்காக ஒரு குறும்புக்கார வக்கீல் வைத்த பெயர் அது. பிறகு அவள் வாயையும் கேட்டுப் பார்த்த ஊர், பெயர் பொருத்தமோ பொருத்தம் என்று அதையே நிலைக்க வைத்துவிட்டது. அவளுக்குக் கோபமா? அதுதான் இல்லை. "நமத்துப் போன பட்டாசுன்னு சொல்லிப் பாருங்க, அப்பத் தெரியும் சேதி" என்பாள்.

லாரி டிரைவர் மகள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று தாய்மாமா ஒற்றைக் காலில் நின்றார். டைப் பரீட்சை முடித்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று இவள் இரண்டு காலிலும் நின்றாள். ஜெயித்தது யார் என்று சொல்லவே வேண்டாம். கோர்ட்டில் வேலை கிடைத்தது. வேலையோடு மாப்பிள்ளையும் கிடைத்தார். சீலிங் ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்த மைக்செட் கடைக்காரர் ஏணியில் நின்றபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த ஃபேன் அடிக்கடி ரிப்பேர் ஆனது. எப்படி ஆனது என்று அவர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

கோர்ட்டில் டைப் அடிப்பது என்றால் பேசுகிறதை எல்லாம் அப்படியே அடிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு முறை உண்டு. வக்கீல், "நீ அங்க போனியா?" என்பார். சாட்சி, "ஆமாங்க" என்பார். ஜட்ஜ் இரண்டையும் சேர்த்து, 'நான் அங்கே போனேன்' என்று சொல்லுவார், அவள் அடிப்பாள். கேள்வி காணாமல் போய்விடும், சாட்சி தானாகவே சொன்ன மாதிரி பதில் மட்டும் நிற்கும். இன்னொரு முறையும் உண்டு. யாராவது ஒரு வக்கீல் எழுந்து "ஆட்சேபணை!" என்றால் டைப்பிஸ்டின் கை நின்றுவிட வேண்டும். ஜட்ஜ் முடிவு சொல்லும்வரை யார் என்ன பேசினாலும் தாளில் ஏறாது. பட்டாசுக்கு இவையெல்லாம் யோசித்துச் செய்கிற வேலையே அல்ல. காது கேட்கும், கை அடிக்கும். நடுவில் மூளை வீட்டுச் சமையலைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும். அவள் அடித்த தாளில் பிழை என்று ஒருவரும் விரல் நீட்டியதில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்படிப்பட்டவளைத்தான் விசாரணைக் கமிஷனுக்குக் கூப்பிட்டார்கள்.

கடைவீதியின் பெரிய துணிக்கடையில் தள்ளுபடி விற்பனை நாளில் நடந்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. மாடிப்படியில் நெரிசல். எல்லாரும் பின்வாசலுக்கு ஓடினால், அங்கே ஷட்டர் இறங்கிக் கிடந்தது. படியில் மிதிபட்டுப் பல உயிர்கள் போயின. ஊர் கொதித்தது. ஷட்டரை இறக்கியது யார்? பின்வாசல் வாட்ச்மேன் தன் இஷ்டத்துக்கு இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனான் என்றது கடை. வாட்ச்மேன் பாவம், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். தானாக இறக்கினார் என்று முடிவானால் ஜெயில்தான். யாராவது சொல்லித்தான் இறக்கினார் என்றால், சொன்னவர் யார் என்ற கேள்வி கடை ஆபீஸ் இருக்கும் மாடியை நோக்கிப் போகும். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அதைத்தான்.

நகராட்சிக் கூடத்தில் விசாரணை. மைக்செட் யாருடையது? நம் ஆளுடையதுதான்! கூடத்துக்கு வெளியிலும் ஒலிபெருக்கி கட்டி, வீதியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி செய்திருந்தார். முதல் நாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஸ்கூட்டரில், அவர் காலடியில் ஆம்ப்ளிஃபயரும் இவள் மடியில் கார்பன் தாள் கட்டுமாகப் போய் இறங்கினார்கள்.

"கல்யாணத்துக்குக்கூட நீ இப்படி முகம் மலர்ந்து வரலையே" என்றார் அவர்.

"அன்னைக்கு என்ன நடக்கும்னு தெரியும். இன்னைக்குத் தெரியாதே!" என்றாள் பட்டாசு.

கமிஷன் ஐயா ஓய்வு பெற்ற நீதிபதி. ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல். உட்கார்ந்ததும் அவர் சொன்னதைக் கேட்டுக் கூட்டம் கப்சிப் ஆனது.

"இது கோர்ட் இல்ல. இங்க வாதி பிரதிவாதி கிடையாது, ஜெயிக்கறதும் தோக்கறதும் கிடையாது. கோர்ட்ல ரெண்டு வக்கீல் மோதுவாங்க, ஜட்ஜ் வேடிக்கை பார்ப்பார். இங்க நானே கேள்வி கேட்பேன், நானே தேடிப் போவேன். இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. அந்தக் காலத்துல சில தேசங்கள்ல இப்படித்தான் விசாரிச்சாங்க. கதவைச் சாத்திக்கிட்டு, கேட்கறவரே எழுதச் சொல்லி, அவரே தண்டனையும் கொடுத்தார். உண்மையைத் தேடறேன்னு கிளம்பி, தான் நினைச்சதையே அடுத்தவன் வாயில போட்டு எழுதிக்கிட்டாங்க. அதனால இங்க கதவு திறந்தே இருக்கும். கேள்வியும் தாள்ல இருக்கணும், பதிலும் தாள்ல இருக்கணும். ஒரு வார்த்தை விடக் கூடாது. டைப்பிஸ்ட் அம்மா, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க ஐயா!" என்று பட்டாசு போட்ட சத்தத்தில் வீதியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அடடா, அந்த நாட்களை என்னவென்று சொல்வது! படியில் விழுந்து பிழைத்த பெண் பேசினாள். தீயணைப்பு வீரர் பேசினார். கமிஷன் ஐயா ஒரு நாள் எல்லாரையும் கடைக்கே கூட்டிப்போய், தானே அந்தப் படியில் ஏறி இறங்கிப் பார்த்தார். பட்டாசு ஸ்டூல் போட்டு மிஷினை வைத்து அங்கேயே அடித்தாள். சாயங்காலம் வீட்டில் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருப்பவரிடம் அத்தனையையும் நடித்துக் காட்டுவாள். "உனக்குச் சம்பளம் டைப் அடிக்கத்தான், துப்பறிய இல்ல" என்று அவர் கிண்டல் செய்வார். ஆனால் ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் கேட்பார்.

வாட்ச்மேன் வந்த நாளில் கூடத்தில் எள் போட இடமில்லை. மேஜை ஓரமாக, பட்டாசு கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர் நாற்காலி. துணிக்கடை வக்கீல் முதலில் கேட்க அனுமதி வாங்கிக்கொண்டார். ஆள் கோர்ட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். குரலில் ஒரு தாளம் இருக்கும்.

"பின்பக்க ஷட்டரை இறக்கினது நீதானேப்பா?"

"ஆமாங்க."

"வேற யாரும் தொடல. உன் கையாலதானே?"

"ஆமாங்க."

"அப்புறம் டீக்கடைக்குப் போயிட்ட?"

"போனேங்க."

அந்தத் தாளத்துக்குப் பழகிய கை, தன்னை அறியாமல் பழைய வழிக்குத் திரும்பியது. 'நானே என் கையால் ஷட்டரை இறக்கினேன். பிறகு டீ குடிக்கப் போனேன்.' கேள்விகள் காணாமல் போயின. பட்டாசு அதைக் கவனிக்கவே இல்லை.

கமிஷன் ஐயா முன்னால் குனிந்து, "ஏன் இறக்கினீங்க?" என்றார்.

"ஆட்சேபணை!" என்று வக்கீல் துள்ளி எழுந்தார். "நான் கேட்டு முடிக்கலையே!" அவர் கை பட்டு மைக் சாய்ந்தது. கூடம் முழுக்க வீல் என்று ஒரு ஊளை! எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மைக்செட்காரர் பாய்ந்து சத்தத்தை அடியோடு குறைத்தார். கமிஷன் ஐயாவும் வக்கீலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அருகில் இருந்த பட்டாசுக்கு மட்டும் அது தெளிவாகக் கேட்டது. அவள் கைகள் மிஷினுக்கு மேலே சும்மா நின்றன.

வக்கீலே முடிக்கட்டும் என்று கமிஷன் ஐயா விட்டுக்கொடுத்தார். வக்கீல் அதையும் இதையும் கேட்டுப் பொழுதைச் சாய்த்தார். கடைசியில் கமிஷன் ஐயா, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார். "எல்லாம் சொல்லிட்டேங்க" என்றார் வாட்ச்மேன், பாரம் இறங்கிய முகத்தோடு. தாளில் கையெழுத்துப் போட்டார். கார்பன் பிரதி பத்திரிகைக்காரர்களுக்குப் போனது.

மறுநாள் காலை மைக்செட்காரர் பேப்பரை விரித்தவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "'ஷட்டரை நானே இறக்கினேன். வாட்ச்மேன் ஒப்புதல்.' அடப்பாவி, ஒத்துக்கிட்டானே!"

"என்னது? அந்த மனுஷன் எப்பங்க அப்படிச் சொன்னாரு? மேனேஜர் சொல்லித்தான் இறக்கினேன்னு சொன்னாரு, என் காதால கேட்டேன்! இந்தப் பேப்பர்காரனுங்களை..." என்று கரண்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பல் தேய்த்த வாயோடு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பத்திரிகை ஆபீஸ் வாசலில் போய் நின்று ஒரு பிடி பிடித்தாள். மனசாட்சி இருக்கிறதா, கடை கொடுத்த விளம்பரத்துக்கு விசுவாசமா, ஏழை என்றால் இளக்காரமா... நிருபர் குறுக்கே பேசவே இல்லை. அவள் மூச்சு வாங்கிய நேரத்தில் ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இது நீங்க அடிச்சதுதானேக்கா?"

அவள் அடித்ததுதான். அவள் மிஷினில் 'ன' கொஞ்சம் மேலே ஏறி விழும், அதுகூட அப்படியே இருந்தது. மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் படித்தாள். மேனேஜர் எங்குமே இல்லை. கேள்விகளும் இல்லை. வாசலில் பிடித்த திருடனின் முகமூடியை இழுத்தால் உள்ளே தன் முகம்!

"போலீஸ் வாட்ச்மேன் வீட்டுக்குப் போயிருக்காம்" என்றார் நிருபர். "தெரு ஆளுங்க கதவு முன்னால நின்னு கத்தறாங்களாம். அவங்க சம்சாரம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இருக்காங்க."

பட்டாசு கமிஷன் ஆபீசுக்கு ஓடினாள். ஆமாம், அந்த வயதில், கடைவீதி நடுவில், செருப்பு ஒரு பக்கம் பிய்ந்து தொங்க, ஓடினாள்.

கமிஷன் செயலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் தொடைநடுங்கி. விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதீங்க. ரெண்டு வரிதானே? ஒரு தாளை மாத்தி அடிச்சுக் கொடுங்க, அவனைக் கூப்பிட்டு இன்னொரு கையெழுத்து வாங்கிப் புகுத்திடறேன். யாருக்கும் தெரியாது."

ஒரு நிமிஷம், பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் அவளுக்கு ஆசை வந்தது. அவள் பெயர் கெடாது. வாட்ச்மேனும் பிழைப்பார். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"கதவைத் திறங்க சார். கதவைச் சாத்திக்கிட்டு எழுதினா நேத்து அடிச்சதும் ஒண்ணுதான், இன்னைக்கு அடிக்கிறதும் ஒண்ணுதான். நான் சாட்சி சொல்லப் போறேன்."

"உங்க வேலை போயிடும்மா!"

"போனா எங்க வீட்டுல மைக்செட் இருக்கு. ஒயர் சுருட்டறேன்."

டைப்பிஸ்ட் சாட்சி சொல்லப் போகிறாள் என்ற செய்தி காட்டுத்தீ மாதிரி பரவியது. கூடம் வழிந்தது, ஜன்னலில் ஆட்கள் தொற்றி நின்றார்கள். வாட்ச்மேனையும் கூட்டி வந்து பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். இத்தனை வருஷமாகச் சாட்சி நாற்காலியைப் பக்கவாட்டில் பார்த்தவளுக்கு, அதில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு தனியாக இருக்கிறது என்று தெரிந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். கேள்வியை விட்டது, ஆட்சேபணை எழுந்ததும் கை நின்றது, எல்லாம். மிஷினில் செயலாளர். ஐயோ, அந்தக் கண்றாவியை என்ன சொல்ல! ஒரு விரலால் எழுத்தைத் தேடி, கண்டுபிடித்து, குத்தி, மறுபடி தேடினார்.

"ஐயா, கொஞ்சம் இருங்க, அவரு இன்னும் 'க'வையே தேடிட்டு இருக்காரு" என்றாள் சாட்சி. கூடம் சிரித்தது.

துணிக்கடை வக்கீலுக்குப் பொறுமை போய்விட்டது. "இவர் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள என் ரயில் போயிடும். அந்த அம்மாவே சொல்லி அந்த அம்மாவே அடிக்கட்டும். எனக்கொன்னும் ஆட்சேபம் இல்ல" என்றார்.

மிஷின் அவள் முன்னால் வந்தது. அவள் விரல் பட்டதும் பழைய சத்தம் கிளம்பியது. வக்கீலின் கேள்வியும் அதில் ஏறியது, தன் பதிலும் ஏறியது.

"வாட்ச்மேன் உங்களுக்கு என்ன உறவு?"

"நேத்துவரைக்கும் ஒண்ணுமில்ல."

"இத்தனை வருஷம் உங்க தாள்ல பிழையே வந்ததில்ல. நேத்து மட்டும் எப்படி வரும்? சத்தத்தைக் குறைச்சவர் உங்க வீட்டுக்காரர். விட்டுப் போச்சுன்னு சொல்றது நீங்க. நல்ல ஜோடிதான்!"

"நல்ல ஜோடிதாங்க, சந்தேகமே இல்ல. ஆனா தப்பு என்னோடது."

"ஆட்சேபணைன்னா கை தானா நின்னுடுமாம்! கை என்ன தண்ணிக் குழாயா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

அதை எப்படி நிரூபிப்பது? பின்வரிசையில் வாட்ச்மேன் குனிந்த தலை நிமிரவில்லை. பட்டாசுக்குக் கண் கலங்கிவிட்டது.

கமிஷன் ஐயா குறுக்கிட்டார். "அது இருக்கட்டும். நேத்து அவர் என்ன சொன்னார்னு உங்க காதுல விழுந்துச்சோ, அதை அப்படியே சொல்லுங்க. அப்படியே அடிங்க."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "'மேனேஜர்தாங்க மாடியில இருந்து இறங்கி வந்து...'" வாய் சொல்லச் சொல்லக் கை பறந்தது.

"ஆட்சேபணை!" வக்கீல் நாற்காலி பின்னால் சாயத் துள்ளி எழுந்தார். "காதில் விழுந்ததெல்லாம் சாட்சியமாகாது!"

மிஷின் சத்தம் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. இரண்டு கைகளும் தாமாக எழும்பி, மிஷினுக்கு மேலே, ஊரே பார்க்க அந்தரத்தில் நின்றன. அவளே அவற்றை ஆச்சரியமாகப் பார்த்தாள். ஜன்னலில் தொற்றிய ஒருவர், "ஐயோ, கையைப் பாருங்கடா!" என்று கத்தினார். அவ்வளவுதான்! கூடம் இரண்டாகப் பிளந்துவிடும் போல ஆரவாரம். மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயர் மேல் ஏறாத குறையாகக் கை தட்டினார்.

கமிஷன் ஐயா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "வக்கீல் சார், உட்காருங்க. உங்க கட்சிக்காரர் பணம் கொடுத்து வைக்கிற சாட்சிகூட இவ்வளவு தெளிவா நிரூபிச்சிருக்க மாட்டார்." பிறகு முகம் மாறியது. "நேத்து 'ஏன்'னு கேட்டது நான். பதிலைக் காதுல வாங்காம சண்டைக்குப் போனதும் நான்தான். அதையும் அடிங்கம்மா. வாட்ச்மேனைக் கூப்பிடுங்க."

வாட்ச்மேன் வந்து உட்கார்ந்தார். மனிதர் ஒரே ராத்திரியில் பாதியாகியிருந்தார். பட்டாசு புதுத் தாளைச் சொருகினாள்.

"ஏன் இறக்கினீங்க?"

"மேனேஜர் வந்து இறக்கச் சொன்னாருங்க. கூட்டத்துல துணி வெளிய போயிடும்னாரு. உள்ள ஆளுங்க நிறைய இருக்காங்களேன்னேன். சொன்னதைச் செய்யின்னாரு."

கேள்வி ஏறியது. பதில் ஏறியது. வக்கீல் வாயைத் திறந்தவர், பட்டாசின் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மாடிக்குப் போகும் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது. மேனேஜரை நாளைக்கு ஆஜராகச் சொல்லி உத்தரவானது.

கமிஷன் ஐயா நேற்றைய தாளை எடுத்துக் காட்டினார். "இதுல கையெழுத்துப் போட்டீங்களே. உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியுங்க. படிச்சேங்க."

"மேனேஜர் பேச்சே இதுல இல்லையே, பார்க்கலையா?"

"பார்த்தேங்க."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

வாட்ச்மேன் பட்டாசைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சொன்ன மாதிரி ஞாபகம் இருந்துச்சுங்க. ஆனா தாள்ல இல்ல. அந்தம்மா கை தப்பவே தப்பாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்ப நான்தான் சொல்லாம விட்டிருக்கேன்னு நினைச்சுட்டேன். ராத்திரி பூரா யோசிச்சேங்க. யாருமே சொல்லாம நானாத்தான் இறக்கினேனோ என்னவோன்னு எனக்கே தோணிடுச்சு. காலையில என் சம்சாரத்துக்கிட்ட அப்படித்தான் சொன்னேன். நான்தான்டி கொன்னுட்டேன்னு சொன்னேன்."

பட்டாசு அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, 'அந்தம்மா கை தப்பவே தப்பாது' என்பதையும் சேர்த்து அடித்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து சொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

முடித்ததும் தாளை உருவிச் செயலாளரிடம் கொடுக்காமல், தானே எழுந்துபோய் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "இது நீங்க சொன்னதுதானாங்க?" என்றாள். "ஆமாங்க" என்றார். அடுத்த வரி. "ஆமாங்க."

'மேனேஜர் வந்து இறக்கச் சொன்னார்' என்ற வரிக்கு வந்தாள். "இது நீங்க சொன்னதுதானாங்க?"

வாட்ச்மேன் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார். அப்போதுதான் முதல்முறையாக அந்தக் கூடத்தில் அவர் குரல் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்டது. "நான் சொன்னது அப்படித்தாங்க, ஆனா அவரு அவ்வளவு மரியாதையா சொல்லல. 'இறக்குடா'ன்னாரு. அதைப் போடுங்க."

"போடறேங்க" என்று பட்டாசு மிஷினுக்கு ஓடினாள்.